அரையிறுதியில் வந்த அவசரம்

கூடைப்பந்து லீக் முடிந்து சில மாதங்கள் கழித்து வழவழத் தாளில் ஒரு மலர் போட்டார்கள். சீசன் முழுவதையும் திரும்பிப் பார்க்கிறார்களாம். முதல் பாதி முழுக்கப் பிரமுகர்களின் பல்வரிசை. அமைச்சர் சிரிக்கிறார், நகைக்கடை முதலாளி சிரிக்கிறார், யாரென்றே தெரியாத சஃபாரி சூட் ஒன்று எல்லாப் படத்திலும் நின்று சிரிக்கிறது. பந்தைப் பார்க்கப் பல பக்கம் புரட்ட வேண்டும். பெண்கள் பிரிவில் கோப்பை எங்கள் அணிக்குத்தான். அதனால் எங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் எனக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம். தொடக்க ஆட்டங்களில் சிறப்பாக ஆடிய உயரமான தமிழ்ப்பெண், இன்னும் நல்ல வாய்ப்பைத் தேடி, அரையிறுதிக்குப் பிறகு அணியை விட்டுப் போய்விட்டார்.

போனேனாம்! எங்கே போனேன்? அரசு ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில், அப்பாவின் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக் கிடந்தேன். கொசுக்கடியும் ஃபினாயில் நாற்றமும்தான் எனக்கு வந்த நல்ல வாய்ப்பு. இதை எழுதியவன் எவனோ ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருப்பான். இவ்வளவு காலம் கழித்து எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அவர்கள் எழுதியதை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், அந்த சீசனை நான் சொல்கிறேன்.

நான் மட்டாஞ்சேரியில் பிறந்தவள். அப்பா கார்ப்பரேஷனில் கானா வாருகிற வேலை. சாக்கடையை எங்கள் ஊரில் கானா என்பார்கள். அப்பாவும் கொச்சியில் பிறந்தவர்தான், அம்மா மட்டும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே இயந்திரம் போடும் சத்தத்தில் கத்திப் பேசிப் பேசி வீட்டிலும் அதே குரல்தான். ‘சாப்பிட வா’ என்று கூப்பிட்டால் ஜெட்டி என்கிற படகுத்துறை வரைக்கும் கேட்கும். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். நான் படித்ததும் எழுதியதும் எல்லாம் மலையாளத்தில். தமிழ் எழுத்தைப் பெரியவளான பிறகு பஸ் போர்டு, சினிமா போஸ்டர் என்று எழுத்துக்கூட்டித்தான் கற்றுக்கொண்டேன். இருந்தும் இதைத் தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் சொன்னால் கேட்கிறவர்கள் சிரித்துவிடுகிறார்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் என் உயரத்தைப் பார்த்து விளையாட்டு டீச்சர் பந்தைக் கையில் கொடுத்தார். பந்து எங்கே விழும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான் என் திறமை. கூடையில் போடுவதற்கு மற்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் போட்டு, விளிம்பில் தட்டித் திரும்பி வருகிற பந்தை எடுக்க நான் இருந்தேன். ரீபவுண்ட் என்பார்கள். முழங்கை வாங்கிக்கொண்டு, நகம் பெயர்ந்து, அந்தப் பந்தை எடுத்துக் கொடுப்பதைக் கைதட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டிவியில் அமெரிக்க ஆட்டங்களைப் பார்த்துவிட்டுச் சில பணக்காரர்களுக்கு ஆசை வந்தது. நாமும் ஒரு புரொஃபஷனல் லீக் நடத்துவோம் என்று கிளம்பினார்கள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு கம்பெனி. எங்களை எடுத்தது வெலிங்டன் தீவில் கப்பல் சரக்கு கையாளுகிற ஒரு கம்பெனி. அணியின் மேனேஜர் அங்கே பெரிய அதிகாரி. முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்: சீசன் முழுக்க அணியோடு நிற்பவர்களில் இரண்டு பேருக்கு ஆபீசில் நிரந்தர வேலை. யார் நன்றாக ஆடுகிறார்களோ அவர்களுக்கு.

நிரந்தர வேலை! எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டு அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை எங்கள் பரம்பரையில் யாரும் பார்த்ததில்லை. அப்பாவோ, மறுநாள் வேலைக்குப் போகும்போது என் ஷூவை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் லீக்கில் ஆடியது கோப்பைக்காக இல்லை. அந்த வேலைக்காக. அதை ஒளிக்க எனக்கு என்ன வெட்கம்?

தினமும் மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து படகில் தீவுக்குப் போவேன். சிமெண்ட் மைதானம், மண்டையைப் பிளக்கிற வெயில். எனக்குத் துணை இடக்கொச்சிக்காரி ஒருத்தி. மீன்காரர் வீட்டுப் பெண், அணியில் பந்தைக் கொண்டுபோகிறவள் அவள்தான். நான் எடுப்பேன், அவள் ஓடுவாள். சோற்றுப் பொதியைக்கூடப் பங்கு போட்டுத் தின்போம். மேனேஜர் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், என்னை மட்டும் ‘பாண்டி’ என்பார். தமிழ்க்காரர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லுகிற வார்த்தை. ஒருநாள் பொறுக்காமல், “ஞான் இவிடெ ஜனிச்சதா சாரே,” என்றேன், நான் இங்கே பிறந்தவள் என்று. “ஸ்நேகம் கொண்டு விளிக்குந்நதல்லேடீ,” என்றார். அன்பாகக் கூப்பிடுகிறாராம். அந்த அன்பை அடுப்பில் போட.

முதல் ஆட்டத்தில் செண்டை, வாணவேடிக்கை, அமைச்சரின் பேச்சு எல்லாம் முடிந்து பந்தை மேலே எறியும்போது எங்களுக்கு உடம்பு ஆறிவிட்டது. தோற்றோம். இரண்டாவது ஆட்டத்தில் பாதியில் கரண்ட் போனது. வந்ததும் ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டத்தன்று மழை. கூரை ஒழுகி, கூடைக்குக் கீழேயே தண்ணீர் தேங்கியது. நடுவர்கள் கூடிப் பேசி, சாக்கைப் போட்டுத் துடைத்து ஆடச் சொன்னார்கள். யார் துடைப்பது? மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஐந்து பேர் ஆடுகிற அணியில் தரை துடைக்கக் கண் எங்கே போகிறது பாருங்கள்! இடக்கொச்சிக்காரி ஒரு சாக்கைப் பிடுங்கிக்கொண்டு என்னோடு குனிந்தாள். துடைத்தோம், ஆடினோம், ஜெயித்தோம். அதற்குப் பிறகு தோற்கவே இல்லை. பந்து மேலே எழும்பினால் அது எனக்குத்தான் என்று எதிரணிப் பெண்களே ஒதுங்க ஆரம்பித்தார்கள். மேனேஜரே ஒருநாள் வேனில் எல்லோர் முன்னாலும், வேலை என்றால் அது எனக்கும் இடக்கொச்சிக்காரிக்கும்தான், அதில் பேச்சே இல்லை என்றார்.

அரையிறுதி கோட்டயத்தில், காலை ஆட்டம். பாதி வரை நாங்கள் நல்ல முன்னிலை. இடைவேளையில் மேனேஜருக்கு மொபைலில் ஏதோ அழைப்பு வந்தது. அந்தச் செண்டைச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசியதைப் பார்த்தேன். திரும்பி வந்தவர் முகமே மாறியிருந்தது. ஆட்டம் மறுபடி தொடங்க, என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ஃபவுல்கூட இல்லை, காயமும் இல்லை. “எந்தா சாரே?” என்று கேட்டேன். என் இடத்தில் வேறொரு பெண்ணை இறக்கினார். முழுப் பாதியும் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படியோ ஒரு புள்ளியில் தப்பித்தோம். திரும்பும் வழியில் வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. இடக்கொச்சிக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சேச்சிதான் சொன்னார், காலையில் கானா வாரும்போது மேலே மூடியிருந்த கான்கிரீட் சிலாப் சரிந்து அப்பாவின் பாதத்தில் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று. ஓடினேன். ஆபரேஷன் முடிந்திருந்தது. அப்பாவின் வலது பாதம் பாதிக்கு மேல் இல்லை.

அம்மா என்னைக் கண்டதும் பாய்ந்தாள். “ஏட்டி, எங்கட்டி போன? உள்ள கொண்டுபோறதுக்கு முன்னால உங்கப்பா உன்னத்தான் கேட்டாரு. காலைலயே உங்க சாருக்குப் போன் பண்ணிச் சொன்னேம்லா!”

“எனக்கு யாரும் சொல்லலம்மா.”

“ஒரு ரூவா பூத்துல இருந்து பண்ணேன். அவருக்குப் புரியணும்னு மலையாளத்துலயே சொன்னேம்ட்டி. ‘சாரே, மோள்க்கு ஒரு அவசரம் வந்து, இப்பத்தன்னெ வரான் பறயணே’ன்னேன். சரின்னாரு. அதுக்குள்ள காசு தீந்து கட்டாயிட்டு. மறுபடி போட எங்கிட்ட சில்லறை இல்ல.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மகளுக்கு ஓர் அவசரம், இப்போதே வரச் சொல்லுங்கள் என்று தாய் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அதை மறைத்து வைத்துக்கொண்டு என்னைப் பெஞ்சில் உட்கார வைத்த மனுஷன் மனுஷனா? ஆஸ்பத்திரி வாசல் பூத்துக்கு ஓடி அவரைக் கூப்பிட்டேன்.

“அம்மா விளிச்ச காரியம் என்னோடு எந்தா பறயாஞ்ஞது?” அம்மா கூப்பிட்டதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அவரும் காட்டமாகத்தான் இருந்தார். “களிக்கிடயில் அதொக்கெ பறயான் பற்றுமோ?” ஆட்டத்துக்கு நடுவே அதையெல்லாம் சொல்ல முடியுமா என்றார். பிறகு, “நினக்கு ஆ அவசரமாணு வலுதெங்கில் நீ பொய்க்கோ,” என்றார். உனக்கு அந்த அவசரம்தான் பெரிதென்றால் போய்க்கொள்.

பெரிதா? என் அப்பன் பாதம் போய்க் கிடக்கிறான், அது பெரிதா என்று கேட்கிறான் பாவி! “எனிக்கு அதுதன்னெ வலுது!” என்று கத்திவிட்டு ரிசீவரைப் படாரென்று வைத்தேன். எனக்கு அதுதான் பெரிது. இன்றைக்கும் அதுதான் பெரிது.

அடுத்த வாரம் இறுதி ஆட்டம் நடந்து, எங்கள் அணி ஜெயித்தது. வார்டில் யாரோ போட்ட பேப்பரில் பார்த்தேன். என் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வேறொரு பெண் நின்றாள். ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பார்க்கவில்லை. ஒரே பொதியில் தின்றவளும் வரவில்லை. இருக்கட்டும், கோபத்தில் கத்தினோம், ஆனால் விஷயம் தெரிந்தவர்கள்தானே, வேலையில் கை வைக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு இனி கானாவில் இறங்க முடியாது. அந்த வேலை வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலை. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே எட்டிப் பார்ப்போம். ஆபீசிலிருந்து ஆள் வரவேயில்லை. கடைசியில் வந்தது அந்த மலர்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள், டீச்சர் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாளே படகேறினேன். ஆபீசில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது இடக்கொச்சிக்காரி. மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர். பக்கத்து மேஜையில் என் ஜெர்சியைப் போட்டு ஆடிய பெண். இரண்டு வேலையும் அங்கே உட்கார்ந்திருந்தது. மேனேஜர் முன்னால் போய் மலரைப் போட்டேன். நான் எந்த வாய்ப்பைத் தேடி எங்கே போனேன், சொல்லுங்கள் என்றேன்.

“நின்றெ அம்மயல்லே விளிச்சு பறஞ்ஞது?” உன் அம்மாதானே கூப்பிட்டுச் சொன்னாள் என்றார். “மோள்க்கு அவசரம் வந்நு, வேகம் விடணம் எந்நு. நல்ல சந்தோஷத்தில், உறக்கெ.”

நல்ல சந்தோஷத்தில், சத்தமாக! அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. நம்முடைய அவசரத்துக்கு அவர்களிடம் வேறு வார்த்தைகள் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, உடனே அனுப்பிவிடுங்கள் என்றுதான் அம்மாவின் பேச்சு அந்தக் காதில் விழுந்திருக்கிறது. வேறொரு கம்பெனி என்னை இழுக்கிறது என்று நினைத்திருக்கிறார். உனக்கு அந்த வாய்ப்புதான் பெரிதா என்று போனில் கேட்டிருக்கிறார். ஆமாம், அதுதான் பெரிது என்று நானே கத்தியிருக்கிறேன். மலையாளத்தில் படித்தவள்தானே, உனக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய வார்த்தை. ஆனால் அம்மாவின் வாயிலிருந்து வந்த அவசரத்துக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறபோது.

சொன்னேன். சிலாப் விழுந்ததை, பாதம் போனதை, அம்மா சொன்ன அவசரத்தை. மேனேஜர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு சிரித்தார். ஆமாம், சிரித்தார்! நாற்காலி பின்னால் சாய, மேஜையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, “கேட்டோ, பாண்டியுடெ அவசரம்!” என்று மறுபடி சொன்னார். ஆபீசே சிரித்தது. யாரோ எனக்குச் சாயா கொண்டுவந்து வைத்தார்கள். “பாஷயுடெ ஒரு களி, அல்லாதெந்தா,” என்றார், மொழி ஆடிய விளையாட்டாம் இது.

மொழியாம், மண்ணாங்கட்டி. “சாரே, எந்து பற்றி எந்நொரு வாக்கு சோதிச்சோ?” என்று கேட்டேன். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஆபீசில் இருக்கிற எவனுடைய மனைவியாவது ஆட்டத்துக்கு நடுவே கூப்பிட்டுக் கத்தியிருந்தால், என்ன சேச்சி, என்ன ஆச்சு என்று பதறியிருப்பார். கூப்பிட்டவள் பாண்டிச்சி. பாண்டிச்சி எதற்குக் கூப்பிடுவாள்? வேறு எங்கோ காசு கூடக் கிடைக்கிறது, அதற்குத்தான். கேட்கவே தேவையில்லை. இடக்கொச்சிக்காரியைப் பார்த்தேன். அவளாவது வந்து கேட்டிருக்கலாம். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரை இருட்டாக இருந்தது.

மேனேஜரின் சிரிப்பு நின்றது. உத்தரவு போட்டாயிற்று, சேர்ந்தவர்களை எடுக்க முடியாது, அடுத்த சீசனில் கண்டிப்பாகப் பார்ப்போம் என்றார். அடுத்த சீசன் என்று ஒன்று நடக்கவே இல்லை. கம்பெனிக்காரர்களுக்கு ஆசை தீர்ந்துவிட்டது. சாயாவைத் தொடாமல் எழுந்து வந்தேன். படகில் ஓரமாக நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, அந்த மேஜையைக் கவிழ்க்காமல் வந்துவிட்டேனே என்று.

வீட்டில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கையை அப்படியே நிறுத்தினாள்.

“வேலை என்னாச்சுட்டி? நான் போன் பண்ணி ஆட்டத்தக் கெடுத்துட்டேனா? நான் சொன்ன சொல்லாலதான் போச்சா? உண்மையச் சொல்லு.”

நாள் முழுக்கச் சுக்குப் பொடி தின்று தொண்டை காய்ந்து, அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று அவர்கள் பாஷையில் பேசியவள். அவளிடம் எதைச் சொல்வது? ஆமாம் என்றால் அன்றோடு அவள் வாயைத் திறந்து மலையாளம் பேசமாட்டாள். யாரிடமும் எதுவும் பேசமாட்டாள்.

“அதெல்லாம் இல்ல. வேலை குடுத்தாங்க. எனக்குப் பிடிக்கல. வேண்டாம்ன்னுட்டு வந்துட்டேன்.”

அரிசிச் சட்டி முற்றத்தில் போய் விழுந்தது. “பிடிக்கலயா? அந்த மனுஷன் கால இழந்து கெடக்காரு, ஒனக்குப் பிடிக்கலயா? நீ என் வயித்துலயா பொறந்த?” தெரு முழுக்கக் கேட்டது. அடித்தாள். நான் தடுக்கவில்லை. அப்பா கட்டிலில் கிடந்தபடியே, “பிடிக்கலன்னா விடு, பிள்ளைய அடிக்காத,” என்றார். அதுதான் அடியைவிட வலித்தது.

அடுத்த வாரம் அம்மாவோடு சுக்குக் கிடங்குக்குப் போக ஆரம்பித்தேன். பல வருடங்கள் போனேன். அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் புதிதாக வந்த சம்பந்தியம்மாளிடம் என்னைக் கையைக் காட்டி, அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “கெடச்ச வேலையத் திமிரெடுத்து வேண்டாம்ன்னு வந்தவ இவதான்.” எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.